நீச்சல் டீச்சருக்கு ஒரு பலகை

“வர்றது ரெண்டு பேர்தாம்மா. அதுல ஒருத்தங்க எனக்கு வேண்டியவங்க.”

போன வாரம் அப்பா இதை ஃபோனில் சொன்னபோது, ‘வேண்டியவங்க’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருடைய பெரிய மகளுக்கு அந்தக் கனைப்பே போதும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். லாரி அளவுப் பெட்டிகளை அந்தரத்தில் தூக்கி நிறுத்தும்போதுகூடக் கனைக்காதவர், ஒரு சொல்லை இறக்கி வைக்க இப்படித் திணறுகிறார் என்றால் விஷயம் பெரிது.

விஷயம் என்னவென்று அன்றே தெரிந்துவிட்டது. முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்னாரென்று நகராட்சி நீச்சல் குளத்தில் போய்ச் சேர்ந்தார் அப்பா. வலி போய்விட்டது. குளத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அங்கே நீச்சல் சொல்லித்தரும் டீச்சர்தான் காரணம். கணவரை இழந்தவர். பிள்ளைகள் கிடையாது. அடுத்த லீவு நாளில் அவரும் அவருடைய அக்காவும் வீட்டுக்கு வருகிறார்கள்.

கேட்டதும் பெரியவள் “சரிப்பா” என்றாள். வெளியூரில் பல் டாக்டராக இருக்கும் தங்கை சிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஃபோனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

அந்த ரயில் இன்று காலை வந்து சேர்ந்திருக்கும்.

அப்பா வீட்டுச் சமையலறையில் பெரியவள் சீஸ் கட்டிகளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். விருந்தாளிகள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே எடுத்து வைத்தால்தான் சில்லிப்பு போய் ருசி வெளியே வரும். பெரிய ஹோட்டல் ஒன்றில் குளிர்பகுதிச் சமையலறை முழுக்க அவள் பொறுப்பு. அடுப்பே இல்லாத சமையலறை அது. பழம், சீஸ், சாலட், ரொட்டி, கொட்டைகள் என்று எல்லாவற்றையும் கத்தியும் கண்ணும் கொண்டே சமைக்க வேண்டும். அங்கே மரப்பலகையில் அவள் அடுக்கி வைத்த தீனியைப் பார்த்து, எடுத்துச் சாப்பிட மனசு வராமல் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் உண்டு. அப்படி நின்றால் அவளுக்குக் கோபம் வரும். சாப்பிடத்தானே வைத்திருக்கிறது?

“இந்தத் திராட்சை விதையில்லாததா?” என்று கேட்டுக்கொண்டே அவள் கணவன் ஒரு கொத்திலிருந்து மூன்றைப் பிய்த்தான்.

“இது விருந்தாளிக்கு வச்சது, சும்மா பிய்ச்சுப் பிய்ச்சுப் பாக்க இல்ல. கையை எடுங்க.”

“பரிசோதனைம்மா. விருந்தாளிக்கு ஏதாவது ஆயிடக் கூடாதில்ல.”

லிஃப்ட் மெக்கானிக்கான அவன், எதையும் ஒருமுறை இயக்கிப் பார்க்காமல் விட மாட்டான். வால்நட், ஆலிவ், சாக்லேட் என்று எல்லாவற்றுக்கும் அவனுடைய பரிசோதனை நடந்து முடிந்திருந்தது.

உள்ளறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். ஒரு கையில் நீலச் சட்டை, மறு கையில் வெள்ளைச் சட்டை.

“எதும்மா?”

“நீலம்.”

“வெள்ளைதான் எடுப்பா இருக்கும்னு...”

“வெள்ளையில மாதுளைச் சாறு பட்டா போகாதுப்பா.”

அப்பா நீலத்தோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இஸ்திரிப் பெட்டியின் புஸ்ஸென்ற சத்தம் கேட்டது. அதோடு கூட மெல்லிய சீட்டியும் கேட்டது. பெரியவளின் கத்தி ஒரு கணம் நின்றது. அம்மா போன பிறகு அப்பா சீட்டியடித்து அவள் கேட்டதில்லை.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

சிட்டு ஒரு தோள்பையோடு வந்து நின்றாள். செருப்பைக் கழற்றியவள் நேராகச் சமையலறைக்கு வந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள். அத்தானுக்கு ஒரு தலையாட்டல். பிறகு மேடை மேல் கிடந்த நீள மரப்பலகையையும் சுற்றியிருந்த கிண்ணங்களையும் பார்த்தாள்.

“இது என்ன, கல்யாண ரிசப்ஷனா?”

“நொறுக்குத் தீனிடி. ஹால்ல சின்ன மேஜைல வச்சா அவங்கவங்க எடுத்துக்கலாம்.”

“மதிய நேரத்துல வீட்டுக்கு வர்றவங்களுக்கு நொறுக்குத் தீனி. சாப்பாட்டு மேஜை எதுக்கு இருக்கு?”

பெரியவள் ஆப்பிள் துண்டுகளை எலுமிச்சைத் தண்ணீரில் போட்டாள். இல்லாவிட்டால் கறுத்துவிடும்.

“நான் சொல்லட்டுமா?” என்றாள் சிட்டு. “மேஜையில உக்கார வச்சா அம்மா நாற்காலியில யார் உக்காருவாங்கன்னு உனக்குப் பயம். அதான் இந்த ஏற்பாடு.”

அத்தான் ஒரு பாதாமை வாயில் போட்டுக்கொண்டு நைசாக பால்கனிப் பக்கம் நழுவினான்.

“ஆமா,” என்றாள் பெரியவள்.

மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்த சிட்டு, தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“ஆமா சிட்டு. அதுக்காகத்தான். மேஜைன்னா யார் எங்கன்னு ஒரு கணக்கு வந்துடும். அப்பா மேஜை முனையில, நாம ரெண்டு பக்கம், அந்த ஒரு இடம் காலியா பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். பலகைன்னா அப்படி இல்ல. நிக்கலாம், நடக்கலாம், பிடிக்கலைன்னா ஒரு தட்டைக் கையில எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிடலாம். உனக்கும் சேர்த்துத்தான் யோசிச்சேன்.”

“எனக்கு ஒண்ணும் யோசிக்க வேணாம். நான் பாக்க வந்திருக்கேன். பல்லைக் காட்டிச் சிரிக்க வரல.”

“பாரு. யார் வேணாம்னா? பாக்கறப்போ கை சும்மாதானே இருக்கும்? அந்தப் பேரிக்காயை நறுக்கு.”

சிட்டு முறைத்தாள். ஆனால் கத்தியை எடுத்தாள். அக்காவிடம் கோபம் இருந்தாலும் ஒரு வேலை அரைகுறையாகக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பேரிக்காய் அவள் கையில் விசிறி மடிப்பாக விரிந்தது. எல்லாத் துண்டும் ஒரே கனம். பல் டாக்டர் கையென்றால் சும்மாவா?

இருவரும் வேலையில் இறங்கினார்கள். பெரியவள் முதலில் கிண்ணங்களை இடம் பார்த்து வைத்தாள். பூண்டுத் தயிர் ஒரு முனையில், தேன் மறுமுனையில், ஆலிவ் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி. பிறகு சீஸ். கெட்டியானதை மெல்லிய வில்லைகளாகச் சாய்த்து அடுக்கினாள். மெத்தென்றிருந்ததை முழுசாக வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் வெட்டித் திறந்து விட்டாள். ஏற்கெனவே யாரோ வெட்டியதுபோல இருந்தால்தான் கூச்சப்படுகிறவர்களும் கை நீட்டுவார்கள். பிஸ்கட்டுகள் ஓடை மாதிரி வளைந்து போயின. இடுக்குகளில் திராட்சையும் அத்திப்பழமும் போய் உட்கார்ந்தன.

“கொட்டைகளை ஏன் தனித் தட்டுல வைக்கறே?” சிட்டுவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சிலருக்கு ஒத்துக்காது. அப்பாகிட்ட கேட்டேன், அவருக்குத் தெரியலையாம்.”

“வேண்டியவங்களாம். பாதாம் ஒத்துக்குமான்னுகூடத் தெரியலையாம்.”

“பதினஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியும் எங்க வீட்டுக்காரருக்கு எனக்குப் பச்சை மிளகாய் ஆகாதுன்னு தெரியாதுடி.”

“தெரியும்!” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. “மறந்துடறேன், அவ்வளவுதான்!”

சிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். பேரிக்காய் விசிறியைத் தங்கையே பலகையின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள்.

“பேரீச்சம்பழம் வேணாம்,” என்றாள். “பல்லுல ஒட்டும்.”

“உன் கிளினிக்குக்கு ஆள் வரணுமில்ல. இருக்கட்டும்.”

இப்போது பலகை நிறைந்துவிட்டது. மரம் தெரிகிற இடமே இல்லை. கடைசியாக மாதுளை முத்துகளை அங்கங்கே தூவிவிட்டுப் பெரியவள் ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்படுகிறவள் இல்லை.

அவளும் கணவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகையை ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சின்ன மேஜையில் வைக்கவும், மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அப்பா நீலச் சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“நீ போய்க் கதவைத் திற சிட்டு,” என்றாள் பெரியவள்.

“நானா?”

“உன் கைதான் சுத்தமா இருக்கு.”

டீச்சர் உயரமாக இருந்தார். குட்டையாக வெட்டிய நரைத்த முடி. வெயிலில் கறுத்த முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெளிறிய வட்டங்கள், தண்ணீருக்குள் போடும் கண்ணாடியின் தடம். அவர் பின்னால், கைத்தடியோடு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர் அவருடைய அக்கா. நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அப்பா சொல்லியிருந்தார். வழக்கறிஞர்கள் பேசியதைத் தட்டித் தட்டி அந்தப் பேச்சே அவருக்கும் படிந்துவிட்டிருந்தது.

“படியேறி வர்ற மாதிரி வச்சிருக்கீங்க,” என்பதுதான் அவர் உள்ளே வந்து சொன்ன முதல் வாக்கியம்.

“லிஃப்ட் இருக்கே,” என்றான் பெரியவளின் கணவன், அதிர்ச்சியோடு.

“லிஃப்டை நான் நம்பறதில்ல.”

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பெரியவள் சட்டென்று தட்டுகளை நீட்டினாள்.

விருந்தாளிகள் முதலில் எதில் கை வைக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது அவளுக்குத் தொழிலில் வந்த பழக்கம். டீச்சர் பலகையைக் கண்கொட்டாமல் ஒரு முறை பார்த்தார். “யப்பா!” என்றார் மனசிலிருந்து. பிறகு, அடுக்கும்போது உடைந்து ஓரத்தில் கிடந்த பாதி பிஸ்கட் ஒன்றை எடுத்துத் தேனில் தொட்டுக்கொண்டார். முழுசாக இருந்தது எதையும் அவர் கலைக்கவில்லை. அவர் அக்கா நேராக மெத்தென்ற சீஸுக்குப் போனார். நல்ல பெரிய துண்டாக வெட்டிக்கொண்டார்.

இரண்டு பேரையுமே பெரியவளுக்குப் பிடித்துவிட்டது.

“என்னால இப்படித் தாழ்வான சோபாவுல உக்கார முடியாது,” என்றார் டீச்சரின் அக்கா. “உக்காந்தா எழுப்பறதுக்கு ஆள் வேணும்.”

சொல்லிக்கொண்டே அவர் தடியை ஊன்றிச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் நடந்தார். யாரும் எதுவும் யோசிப்பதற்குள், ஜன்னலுக்கு முதுகு காட்டியிருந்த அந்த நாற்காலியை இழுத்து ஹால் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் நாற்காலி.

அப்பாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஒரு ஆலிவ் உருண்டோடியது. சிட்டு, “அது...” என்று தொடங்கினாள். டீச்சர் அந்த ஒரு சொல்லிலேயே ஏதோ புரிந்து, “அக்கா, எழுந்திரு” என்றார் தணிந்த குரலில்.

 வாரம் முழுக்கப் பெரியவள் சுற்றிச் சுற்றி வழி வைத்துத் தவிர்த்த காரியம், டீச்சரால் அல்ல, அவர் அக்காவால், சர்வ சாதாரணமாக நடந்துவிட்டது. அந்தப் பெரிய அம்மாள் அங்கே உட்கார்ந்து சீஸ் தின்றுகொண்டிருந்தார். நாற்காலி ஒன்றும் ஆகிவிடவில்லை. வீடும் அப்படியேதான் இருந்தது.

“வேணாம், அங்கேயே உக்காருங்கம்மா,” என்றாள் அவள். “முதுகுக்கு அதுதான் நல்லா இருக்கும். நான் தட்டுல எடுத்துத் தர்றேன்.”

சிட்டு அக்காவைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

தட்டு நிறைந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?” டீச்சரின் அக்கா அப்பாவைத்தான் கேட்டார்.

“இல்லைங்க.”

“பிரஷர்?”

“கொஞ்சம். மாத்திரை போடறேன்.”

“யார் எடுத்துக் குடுக்கறா?”

“நானே...”

“துணி யார் துவைக்கறா?”

“அக்கா!” என்றார் டீச்சர்.

“நீ சும்மா இரு. நீ தண்ணிக்குள்ள இருக்கறவ, உனக்கு வெளியில நடக்கறது காதுல விழாது.” அவர் மறுபடி அப்பா பக்கம் திரும்பினார். “தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்த மாதிரி நிறையப் பாத்தாச்சு. பொண்டாட்டி போனதும் ஆம்பளைக்கு வீடு இருட்டிப் போகும். சோறு இறங்காது, சட்டைப் பொத்தான் விட்டுப் போகும். உடனே ஒரு துணை வேணும்பாங்க. துணைன்னு பேரு. சமைக்க, துவைக்க, கால் அமுக்க ஒரு ஆள். என் தங்கச்சி இத்தனை வருஷம் தன் காலில் நின்னவ. அவ யாருக்கும் ஆயாவா போக நான் விட மாட்டேன்.”

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். அவருக்குச் சட்டென்று பதில் வராது. எப்போதும் அப்படித்தான். உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவர். கீழே இருப்பவர்களோடு கையசைவில்தான் பேசிப் பழக்கம்.

பெரியவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து ஒரு தட்டு ‘ணங்’ என்று மேஜை மேல் இறங்கியது.

“ஒரு நிமிஷம்,” என்றாள் சிட்டு.

அவள் முகம் சிவந்திருந்தது.

“எங்கப்பா சட்டையை எங்கப்பாதான் துவைக்கறார். இஸ்திரியும் அவரே. இன்னைக்குக் காலையிலகூட. எங்கம்மா கடைசி வருஷம் கையைத் தூக்க முடியாம கிடந்தாங்க. தலை பின்னணும்னா யாரு பின்னுவா? எங்கக்காவுக்கு ஹோட்டல், நான் வெளியூரு. அப்பாதான் பின்னினார். முதல்ல வரவே இல்ல. கயிறு முறுக்கற மாதிரி இருந்தது. எங்கம்மா கண்ணாடியைப் பாத்துட்டு, என்னைக் கப்பல்ல கட்டவா போறீங்கன்னு சிரிச்சாங்க. கீழ் வீட்டுப் பொண்ணுகிட்ட போய்க் கத்துக்கிட்டு வந்தார். அப்புறம் தினமும் அவர்தான். ரெட்டைப் பின்னல்கூடப் போடுவார். அவருக்குப் போய் ஆயா வேணுமா?”

 அப்பா கீழே உருண்ட ஆலிவைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தேடினார்.

“எனக்கு என் தங்கச்சி ஒருத்திதாம்மா,” என்றார் டீச்சரின் அக்கா கடைசியில். குரலில் நீதிமன்றம் போய்விட்டிருந்தது.

“எனக்கும் அப்பா ஒருத்தர்தான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பயம்தான் இருக்கிறது என்று பெரியவளுக்குத் தோன்றியது. அந்த அம்மாள் தன்னுடைய ஆளைக் கொடுக்கப் பயப்படுகிறார். சிட்டுவும் அதேதான். காலையிலிருந்து சிட்டு எதிரியைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்தது தன்னைப் போலவே ஒருத்தி.

டீச்சரின் அக்கா தடுமாற்றத்தை மறைக்கத் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

“அது வேணாம்,” என்று சிட்டு சட்டென்று கை நீட்டினாள். “உங்களுக்கு மேல் வரிசை கட்டின பல்லு. கழண்டுக்கும்.”

அந்த அம்மாள் திகைத்துப்போனார். “உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பிஸ்கட்டைக் கடிக்காம உடைச்சு உடைச்சுப் போட்டுக்கறீங்க. செட் லூஸா இருக்கு. எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளா. எங்க ஊர் பல் டாக்டர்கிட்ட போறப்போவெல்லாம் சரியா இருக்குன்னு அனுப்பிடறான்.”

“வாயைத் திறங்க.”

“இப்பவா?”

“சும்மா ஒரு பார்வை.”

சிட்டு குனிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு அவர் முகவாயைத் திருப்பிப் பார்த்தாள். பெரியவளின் கணவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். டீச்சர் சிரித்தார். வாயைத் திறந்தபடியே அந்த அம்மாளும் ஏதோ சொல்லப் பார்க்க, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதற்கு இன்னும் சிரிப்பு வந்தது. அப்பா நிமிர்ந்தார். கண் ஓரத்தை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

அதன் பிறகு பலகை காலியாகத் தொடங்கியது. அது தானாக நடந்தது. ஒருவர் கையைத் தாண்டி இன்னொருவர் கை போயிற்று. பூண்டுத் தயிர் எங்கே, அந்தச் சின்னக் கத்தியை இப்படித் தள்ளுங்க, இந்தச் சீஸோட பேரிக்காயைச் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்க என்று பேச்சும் கையோடு கையாகப் போனது. டீச்சருக்குப் பாதாம் நன்றாகவே ஒத்துக்கொண்டது. லிஃப்டை நம்பாதவருக்கு, அது எப்படி எத்தனை கம்பியில் தொங்குகிறது, ஒன்று போனால் இன்னொன்று எப்படித் தாங்கும் என்று பெரியவளின் கணவன் திராட்சைக் கொத்தை ஆட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

டீச்சர் பெரியவளின் பக்கத்தில் வந்து நின்றார்.

“இதை அடுக்க ரொம்ப யோசிச்சிருப்பீங்க.”

“யோசிச்சேன். ஆனா யோசிச்ச மாதிரி நடக்கல.”

“நல்லாத்தானே நடந்தது?”

“அதைத்தான் சொல்றேன்,” என்றாள் பெரியவள். இரண்டு பேரும் புன்னகைத்தார்கள். இவர் இந்த வீட்டில் வந்து இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். கிழக்கு அறையைக் காலி பண்ணிவிடலாம். அங்கேதான் காலை வெயில் வரும். மெத்தை புதிதாக வாங்க வேண்டும். அவள் மனசு அதற்குள் ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைக்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் டீச்சரின் அக்கா கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“எல்லாம் சரி. எங்க இருக்கறதா உத்தேசம்? என் தங்கச்சி குளத்துக்குப் பக்கத்துல வீடு வச்சிருக்கா. விடியறதுக்குள்ள வேலைக்குப் போகணும். இங்கேருந்து அவளால போக முடியாது. இப்பவே சொல்லிடறேன்.”

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

“அவங்க இங்க வர வேணாம்,” என்றார். “நான்தான் அங்க போறேன்.”

பெரியவளின் கையில் இருந்த கிண்ணம் அப்படியே நின்றது.

அவள் குடியிருப்பது அடுத்த கட்டடத்தில்தான். அம்மா போனதும் அதற்காகவே வீடு மாற்றிக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போகும்போது ஒரு எட்டு, வரும்போது ஒரு எட்டு. சாவி அவள் பையில்தான் இருக்கும். அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, பால்கனிக் கதவைச் சாத்தினாரா என்று பார்த்துப் பார்த்தே அவளுடைய நாட்கள் ஓடின. யார் இந்த வீட்டுக்குள் வந்தாலும் சமாளிக்க அவள் தயாராக இருந்தாள். அப்பா இந்த வீட்டைவிட்டுப் போவார் என்பது மட்டும் அவள் கணக்கிலேயே இல்லை.

“போறீங்களா?” என்றாள் சிட்டு. “அப்ப இந்த வீடு?”

“வீடு இங்கேதாம்மா இருக்கும். எங்க ஓடப்போகுது?” அப்பா பெரிய மகளைப் பார்த்தார். “நீ எனக்காக ரொம்ப நாளா ஓடிட்டே. போதும்மா. நீ கொஞ்சம் உன் வீட்டுல உக்காரு.”

 வருவது அழுகையா கோபமா என்று பெரியவளுக்கே தெரியவில்லை. கணவன் மெதுவாக வந்து அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான். இந்த முறை அதிலிருந்து எதையும் எடுத்து வாயில் போடவில்லை.

“நல்ல பேச்சு,” என்றார் டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குளத்தங்கரையில் அப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது.

“எங்க வீட்டுக்கு வர்றாராம். வீட்டு மனுஷங்க எல்லார்கிட்டேயும் சொல்லியாச்சு. என் அக்காகிட்ட சொல்லியாச்சு. பல்லு, பிரஷர், துணி, எல்லாம் பேசி முடிச்சாச்சு.” அவர் அப்பாவையே பார்த்தார். “என்கிட்ட மட்டும் இவர் இன்னும் ஒரு வார்த்தை கேக்கல.”

“அடப்பாவமே!” என்றான் பெரியவளின் கணவன்.

“அப்பா!” என்றாள் சிட்டு. “கேக்கலையா?”

அப்பாவின் காது மடல்கள் சிவந்துபோயின. “கேக்கலாம்னுதான்... சமயம் பாத்துக்கிட்டு...”

“இப்ப கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்,” என்றார் டீச்சர். கண்ணைச் சுற்றியிருந்த அந்த வெளிறிய வட்டங்களுக்குள் சிரிப்பு தெரிந்தது. ஆனால் குரல் உறுதியாக இருந்தது. “நாளைக்குக் காலைல குளத்துக்கு வாங்க. ஆழமான பக்கம். இத்தனை மாசமா ஓரத்துக் கம்பியை விட்டு ஒரு கை தூரம் தள்ளி வந்ததில்ல நீங்க. ஆழத்துக்கு நடுவுல நான் நிப்பேன். அங்க வந்து கேளுங்க.”

“அங்க... அங்க கம்பி இருக்காதே.”

“இருக்காது.”

“அப்பா, வேணாம்!” என்று இரண்டு மகள்களும் ஒரே குரலில் சொன்னார்கள். காலையிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அப்பா மகள்களைப் பார்க்கவில்லை. காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து டீச்சரை நேராகப் பார்த்தார். இந்த முறை அவர் கனைக்கவில்லை.

“எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டார்.